பாரசீகக் கவிஞரும் எங்கள் வீட்டுக் காவியமும்

1

நோர்வே நாட்டின் தீப்பாதுகாப்பு விதிகளின்படி என் கணவர் எழுதிய காவியம் எரியக்கூடிய பொருள். இதை நான் சொல்லவில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக்குழு கடிதம் போட்டுச் சொன்னது. நிலக்கீழ் அறைகளுக்குப் போகும் நடைபாதையில் அடுக்கிவைத்திருக்கும் காகிதப் பெட்டிகளை அந்த வாரச் சனிக்கிழமைச் சிரமதானத்தில் அகற்றவேண்டுமாம். இல்லாவிட்டால் அவர்களே அகற்றுவார்களாம். பெட்டிகளுக்குள் இருப்பது தமிழன்னைக்குச் சூட்டிய மணிமகுடம் என்று வெளியீட்டு விழாவில் ஒருவர் பேசினார். அந்தப் பேச்சு நிர்வாகக்குழுவின் காதுக்கு எட்டவில்லை போலும்.

ஊரில் இருந்துகொண்டு தொலைபேசியில் ‘ஒஸ்லோவிலை எப்பிடிப் போகுது?’ என்று கேட்பீர்கள். நான் ‘குளிர்’ என்பேன். அட்டையில் காசு முடிந்துவிடும். இந்த முறை எழுத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் காவியகர்த்தா. யாழ்ப்பாணத்தில் புறப்பட்டு, மொஸ்கோவில் அகப்பட்டு, கடைசியில் ஒஸ்லோவில் வந்து நடுங்குகிற ஒருவனின் கதை, முழுவதும் விருத்தப்பா. பஸ் கடைசித் தரிப்பிடத்தில் திரும்புவதற்காக நிற்கும்போதுதான் அவருக்குப் பாட்டு வரும். எதுகை அகப்படாத நாட்களில் பிரயாணிகள் வெளியே நின்றார்கள். இந்த நாட்டில் பஸ் பிந்தினால் பனி காரணம் என்று அறிவிப்பார்கள். சில நாட்களில் யாப்பிலக்கணம்தான் காரணம் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

நான் லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே என் பெயரின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மிச்சப் பெயர் வந்திறங்கிய அன்றைக்கு விமானநிலையத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் அந்த இரண்டு எழுத்தும் இல்லை. கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் இவர் என்னை ‘இஞ்சரும்’, அதாவது இங்கே பாரும், என்றுதான் கூப்பிடுகிறார். இவருடைய அப்பாவும் அப்படித்தானாம், அவருடைய அப்பாவும் அப்படித்தானாம். வைத்தியரிடம் போனால், மனைவியின் பெயர் என்ன என்று அவர்கள் கேட்க, இவர் என் மருத்துவ அட்டையை எடுத்து நீட்டுவார்.

2

எங்களுக்கு மேல்மாடியில் பெஹ்ரூஸ் இருக்கிறார். ஈரான்காரர். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் பேர்கனில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள். அவரும் நாங்களும் கதைப்பது நோர்வேஜிய மொழியில். இரு பகுதிக்கும் அது இரவல் உடுப்பு என்பதால் யாருக்கும் யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

என் கணவர் காவியம் எழுதுகிறார் என்று எப்படியோ அறிந்த நாளில் பெஹ்ரூஸ் ஒரு பெட்டி பிஸ்தாவோடு கீழே வந்தார். ‘எங்களுக்கும் ஒருவர் இருக்கிறார்’ என்று தொடங்கினார். இருக்கிறார் என்றுதான் சொன்னார். ஆள் செத்து ஆயிரம் வருடம் ஆகிறது.

அந்தக் கவிஞரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் எப்படிச் சொன்னாலும் பெஹ்ரூஸுக்குப் பல்வலி வந்ததுபோல முகம் சுருங்கும். திருத்துவார். மறுபடி சொல்வேன். மறுபடி சுருங்கும். தமிழ் எழுத்தில் போட்டேன் என்றால் மனிதர் படுக்கையில் விழுந்துவிடுவார்.

கதை இதுதான். குராசான் பக்கத்தில் ஒரு கிராமம். காணி பூமி உள்ள குடும்பம். அரபு மொழி கோலோச்சிய காலத்தில் இந்த மனிதர் பிடிவாதமாகப் பாரசீகத்தில் எழுதினார். பழைய அரசர்கள், வீரர்கள், மகனென்று தெரியாமல் மகனைக் கொன்ற தகப்பன் என்று முப்பது வருடத்துக்கு மேல் எழுதினார். காணி கரைந்தது. இளவயதில் மகன் இறந்தான். அப்போதும் எழுதினார். முடித்துச் சுல்தானிடம் கொண்டுபோனால், பொன் தருவதாகச் சொன்ன சுல்தான் வெள்ளி கொடுத்தான். கவிஞர் நேரே குளிப்பு மண்டபத்துக்குப் போய், அந்த வெள்ளியை அங்கே வேலை செய்பவனுக்கும் சர்பத் விற்பவனுக்கும் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். வருடங்கள் கழித்துச் சுல்தானுக்குப் புத்தி வந்து ஒட்டகங்களில் வெகுமதி அனுப்பினான். ஒட்டகங்கள் நகரத்தின் ஒரு வாசலால் உள்ளே வர, மற்ற வாசலால் கவிஞரின் பிரேதம் வெளியே போனது. மகள் அந்த வெகுமதியைக் கையாலும் தொடமாட்டேன் என்றுவிட்டாள். ஊர்ப் பெரியவர் மயானத்திலும் இடம் கொடுக்கவில்லையாம். தன் தோட்டத்திலேயே அடங்கினார்.

‘இதெல்லாம் உண்மையா?’ என்று கேட்டேன்.

‘உண்மையோ தெரியாது. ஆனால் எங்கள் எல்லாருக்கும் தெரியும்’ என்றார் பெஹ்ரூஸ். ‘அவர் இல்லாவிட்டால் எங்கள் மொழி இல்லை. ஆயிரம் வருடம் கழித்தும் எங்கள் பிள்ளைகள் அதை எடுத்து அப்படியே வாசிக்கலாம்.’

‘உங்கள் மகள் வாசிப்பாளா?’

அவர் ஒரு பிஸ்தாவை உடைத்தார். ‘அவள் பேர்கனில் இருக்கிறாள்’ என்றார்.

நான் விடவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்தால் கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிடும். ‘அந்த முப்பது வருடமும் வீட்டில் சமைத்தது யார்?’

‘அவருக்கு நிலம் இருந்தது.’

‘நிலம் சமைக்காது. மகன் இருந்தான், மகள் இருந்தாள் என்றால் பெற்றவள் ஒருத்தியும் இருந்திருக்கவேண்டும்.’

பெஹ்ரூஸ் நேர்மையான மனிதர். யோசித்தார். ‘ஓர் இடத்தில் வருகிறாள்’ என்றார். ‘கவிஞருக்கு உறக்கம் வராத ஓர் இரவு. விளக்குக் கொண்டுவரச் சொல்கிறார். அவள் விளக்கும் பழமும் கொண்டுவந்து வைத்துப் பழைய கதை ஒன்றைச் சொல்கிறாள். அதைத்தான் அவர் பாட்டாக எழுதினார். அது மனைவிதான் என்று பலர் சொல்கிறார்கள்.’

‘அவளுடைய பெயர் என்ன?’

‘பெயர் இல்லை.’

கதையைச் சொன்னதே அவள்தான். பெயர் மட்டும் இல்லை. நான் பிஸ்தாக் கோதுகளைக் கூட்டி அள்ளினேன். அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காவியத்துக்குள் கவிஞர் எழுதாத பாட்டுகளும் கிடக்கின்றனவாம். படியெடுத்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் செருகிவிட்டார்களாம். எது அவருடையது, எது செருகியது என்று பேராசிரியர்கள் இன்னமும் அடிபடுகிறார்களாம். எங்களிடமும் இது உண்டு, இடைச்செருகல் என்போம் என்று என் கணவர் பெருமையோடு சொன்னார். இவருடைய காவியத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

3

அந்தக் கதை முழுவதிலும் இவருடைய மனதில் நின்றது சுல்தான் மட்டும்தான். நோர்வேயில் சுல்தான் இல்லை. கலாசார உதவித்தொகைக்கு விண்ணப்பப் படிவம் இருக்கிறது. அந்த நாட்களில் நோர்வேக்காரர் எங்கள் நாட்டுக்குச் சமாதானம் செய்து தருவதில் மும்முரமாக இருந்தார்கள். ஒரு காவியத்துக்கு உதவி செய்யாமலா விடப்போகிறார்கள் என்று இவர் நினைத்தார்.

படிவத்தில் ஒரு கேள்வி: திட்டத்தில் பெண்களின் பங்களிப்பு என்ன?

“இஞ்சரும், இதுக்கு என்னப்பா எழுதுறது?”

“தட்டெழுத்து, தேத்தண்ணி எண்டு எழுதுங்கோ.”

இவர் ‘எல்லா நிலைகளிலும்’ என்று எழுதினார். பொய் என்று சொல்லமுடியாது. பதில் மரியாதையாக வந்தது. பன்முகப் பண்பாட்டுக்கு இது அருமையான பங்களிப்பாம். நோர்வேஜிய மொழியில் இல்லாததால் உதவ வழியில்லையாம். கூடவே மொழி வகுப்புகள் பற்றிய கைநூல் ஒன்றும் வைத்திருந்தார்கள். பாரசீகச் சுல்தான் வெள்ளியாவது கொடுத்தான்.

அதனால் எங்கள் செலவிலேயே சென்னையில் அச்சடிப்பது என்று முடிவாயிற்று. வேலையால் வந்து, சமைத்து, கணினிக்கு முன்னால் குந்தி அடித்தேன். கையெழுத்து பஸ் குலுக்கலில் எழுதியது. சில சொற்களை ஊகித்தேன். ஊகித்தவை சில இடங்களில் எழுதியதைவிட நன்றாக இருந்தன. அதையும் இவர் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டார்.

கடைசியாக நன்றியுரை அடிக்கத் தந்தார். தமிழ்ச் சங்கத் தலைவர், பொருளாளர், அச்சகத்தார், பஸ் நிலைய நண்பர்கள், கணினி திருத்திய தம்பி, மேல்மாடிப் பெஹ்ரூஸ் என்று ஒரு பக்கம் நிறையப் பெயர்கள். நான் இரண்டு முறை வாசித்தேன்.

“ஒருத்தரும் விடுபடேல்லையோ? வடிவாப் பாருங்கோ.”

தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஓம் ஓம், நல்ல காலம் கேட்டனீர்” என்று சொல்லி, அட்டைப்படம் எடுத்த படக்கடைக்காரரைச் சேர்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. சத்தம் போடுகிற கோபம் அல்ல. சத்தம் போட்டால் அடுத்த காவியத்துக்குக் கரு கிடைத்துவிடும். நான் கணினியைத் திறந்து, காவியத்தில் ‘பனிப் படலம்’ என்ற பகுதிக்குப் போனேன். கதாநாயகன் இரவிரவாக எழுதிக்கொண்டிருக்கும் இடத்தில், இரண்டு விருத்தங்களுக்கு நடுவில், இதை வைத்தேன்:

விளக்கைக் கொண்டு வந்தவள் நின்றாள்;
வெளியே பனிதான் விழுந்தபடி இருந்தது;
எழுதி முடித்தவன் எழுந்து போனான்;
எண்ணெய் குறைந்ததை எவர்தான் பார்த்தார்?

அச்சுக்கு முந்திய பிரதியை இவர் சிவப்புப் பேனாவோடு ஒரு கிழமை வைத்திருந்தார். திரும்பி வந்தபோது காற்புள்ளிகளைக்கூடத் திருத்தியிருந்தார். என் பாட்டில் ஒரு கீறல் இல்லை. கண்டுகொள்ளவில்லை என்று விளங்கிக்கொண்டேன். தான் எழுதியதையே இந்த மனிதர் வாசிப்பதில்லை.

எனக்கு நன்றியுரையில் இடம் வேண்டியிருக்கவில்லை. இது ஆர் எழுதினது என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு கேள்விக்காக நான் காத்திருந்தேன்.

4

அடுத்தது அழைப்பிதழ். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்யும் பிழையை இவரும் செய்தார். ‘காவிய வாசிப்பு: செல்வி யாழினி’ என்று அச்சடித்து ஒஸ்லோ முழுக்க விநியோகித்த பிறகு, யாழினிக்கு ஒரு பிரதி கொடுத்தார். யாழினி எங்கள் மகள். பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை இடையில் விட்டவள். எழுத்துக் கூட்டினால் வாசிப்பாள்.

“என்னை ஆர் கேட்டது?” என்றாள்.

“அழைப்பிதழ் அடிச்சாச்சு பிள்ளை” என்றார் இவர், அதுதான் பதில் என்பதுபோல.

“கேக்காமல் பேரைப் போடுறது சரியான பின்லி அப்பா. நான் வரமாட்டன்.”

பின்லி என்றால் வெட்கக்கேடு. நோர்வேயில் பிறந்த பிள்ளைகளின் அகராதியில் பெற்றோர் என்ற சொல்லுக்கு எதிரே எழுதியிருக்கும் பொருள் அது. பிள்ளையின் பெயரைக் கேட்காமல் போட்டுவிட்டார் என்று அவளுக்குக் கோபம். பெயரைப் போடவே இல்லை என்று எனக்குக் கோபம். இவருக்கோ மண்டபத்துக் கதிரைகள் போதுமோ என்று கவலை.

ஒரு கிழமை தகப்பனும் மகளும் கதைக்கவில்லை. பிறகு யாழினி ஒரு நிபந்தனையோடு வந்தாள். எந்தப் பாட்டு என்பதை அவளே தெரிவுசெய்வாளாம். தகப்பன் முதற்பாட்டை, தமிழ் வணக்கத்தை, மனதில் வைத்திருந்தார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். அவள் புத்தகத்தைக் கட்டிலில் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பெருமூச்சு விட்டாள். சில மணி நேரம் கழித்துக் குசினிக்கு வந்தாள்.

“அம்மா, முழுப் புத்தகத்திலையும் இது ஒண்டுதான் எனக்கு விளங்குது.”

விரல் பனிப் படலத்தில் இருந்தது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைப்பதற்குக் காரணம் கையிலேயே இருந்தது.

5

விழா ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, நயவுரை. வாழ்த்தியவர் தன் இளமைக்காலத்தை வாழ்த்தினார். நயந்தவர் தன் சொந்தக் கவிதைத் தொகுதியை நயந்தார். புத்தகத்தைத் திறந்ததற்கு எவரிடத்திலும் அறிகுறி இல்லை. பின்வரிசையில் பெண்கள் தேநீரும் ரோல்ஸ் பலகாரமும் எப்போது வரும் என்று என்னைக் கண்ணால் கேட்டார்கள்.

பெஹ்ரூஸ் சிறப்பு விருந்தினர். கழுத்துப்பட்டியோடு வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் விழா முடியும்வரை போர்த்தபடியே வியர்த்தார். தன் கவிஞரைப் பற்றி நோர்வேஜிய மொழியில் உருக்கமாகப் பேசினார். வெள்ளி, குளிப்பு மண்டபம், இரண்டு வாசல், வெகுமதியை மறுத்த மகள் எல்லாம் சொன்னார். அறிவிப்பாளர் அதைத் தமிழில் மொழிபெயர்த்தார்: “தமிழ் வாழ்கவென்று வாழ்த்துகிறார்.” பலத்த கைதட்டல் என்று சொல்ல ஆசைதான். இருவர் தட்டினார்கள்.

பிறகு சிறப்புப் பிரதிகள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, கடித உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, படத்துக்கு நின்று, இறங்கினார்கள். இறங்கியதும் புத்தகத்தைக் கதிரைக்குக் கீழே வைத்தார்கள். மொய் எழுதிவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் கலியாண வீட்டு முகம் எல்லாருக்கும்.

யாழினி வந்தாள். வணக்கம் சொன்னாள். நான்கு வரியையும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தடக்குப்படாமல் வாசித்தாள். பின்வரிசையில் பேச்சுச் சத்தம் நின்றது. ஒரு மனிசி தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைதட்டினார்கள். உண்மையான கைதட்டல், அன்றைக்கு முதல் தடவையாக. நான் தேநீர்க் கேத்தலுக்குப் பக்கத்தில் நின்றேன். நிரம்பிய கோப்பைக்குள் மறுபடியும் ஊற்றினேன். சந்தோஷம்தான், வேறென்ன.

ஏற்புரைக்கு இவர் எழுந்தார். குரலைச் செருமினார். “இப்ப பிள்ளை வாசிச்ச இந்தப் பாட்டை எழுதேக்கை, என்ரை கண்ணே கலங்கிப்போச்சு” என்றார்.

சபை உருகியது. ‘ஆஹா’ என்றார் சங்கத் தலைவர். நான் ரோல்ஸ் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அழுகை வந்தது. கதவுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்து, எல்லாருக்கும் சிரித்த முகத்தோடு ரோல்ஸ் கொடுத்தேன். தலைவருக்கு இரண்டு.

விழா முடிந்து மண்டபத்தைக் கூட்டும்போது கதிரைகளுக்குக் கீழே இருந்த பிரதிகளைப் பொறுக்கிப் பெட்டிகளில் அடுக்கினோம். அதன்பின் இந்தப் பாட்டைப் பற்றி வீட்டில் இவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. பனி விழுந்து, உருகி, மரங்கள் துளிர்த்தும்விட்டன.

6

சிரமதானத்துக்கு இங்கே டுக்னாட் என்று பெயர். குடியிருப்பார் எல்லாரும் கையுறை போட்டுக்கொண்டு கீழே வந்து, இலை கூட்டி, வேலிக்கு வர்ணம் பூசி, கடைசியில் சொசேஜ் சாப்பிட்டுக் கலைவார்கள். வருடத்தில் அன்றைக்கு மட்டும் அயலவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பார்கள். நிர்வாகக்குழுத் தலைவி நல்ல மனுசி. எங்கள் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, ‘காகிதத் தொட்டி வாசலில் இருக்கிறது’ என்று அன்பாக வழிகாட்டினார்.

இவர் ஒரு பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். தொட்டிப் பக்கமும் போகவில்லை, வீட்டுப் பக்கமும் போகவில்லை. வீட்டுக்குள் இடமில்லை என்று அவருக்குத் தெரியும். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தி இருந்தது என்பதை ஏன் மறைக்கவேண்டும்? பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பெஹ்ரூஸ்தான் பேசினார். ‘என் மகளின் அறை வெறுமையாகக் கிடக்கிறது. இந்தக் கோடையிலும் அவளுக்கு லீவு இல்லையாம். அங்கே வைக்கலாம்.’ சொல்லிக்கொண்டே ஒரு பெட்டியைத் திறந்து புத்தகம் ஒன்றை எடுத்தார். முதலில் வலப்பக்கத்தில் இருந்து திறந்தார். பிறகு திருப்பிப் பிடித்தார். ‘யாழினி, அன்றைக்கு மேடையில் நீ வாசித்தது எந்தப் பக்கம்? எனக்கு எவரும் அதை மொழிபெயர்க்கவில்லை.’

யாழினி பக்கத்தை எடுத்தாள். நிலக்கீழ் மாடிப்படியில் இருந்துகொண்டு, ஒரு வரி தமிழில், ஒரு வரி நோர்வேஜிய மொழியில் சொன்னாள். நான்காவது வரி முடிந்தபோது பெஹ்ரூஸ் கையுறையைக் கழற்றினார்.

‘எங்கள் கவிஞரிடமும் விளக்கோடு ஒருத்தி வருகிறாள்’ என்றார் பிறகு, இவரைப் பார்த்து. ‘அவளுக்குப் பெயர் இல்லை. உங்களுடையவளுக்குப் பெயர் இருக்கிறதா?’

நான் பெட்டியின் ஒட்டுநாடாவை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். இவர் பெட்டியைக் கீழே வைத்தார். சட்டைப்பைக்குக் கை போனது. அங்கே எந்த அட்டையும் இல்லை.

“மங்கையற்கரசி” என்றார்.

என் பெயர். முழுப் பெயர். அவருடைய குரலில் அதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

யாழினி என்னைப் பார்த்தாள். “அம்மாவோ எழுதினது?”

“புரூவ் பாக்கேக்கையே கண்டனான்” என்றார் இவர் மகளிடம். “கடைசி ரண்டடியிலை எதுகை இல்லை. திருத்தினால் அது என்ரை பாட்டாப் போயிடும். அதுதான் விட்டனான்.”

“பிறகேன் மேடையிலை அப்பிடிச் சொன்னனீங்கள்?”

இவர் நிலத்தைப் பார்த்தார். “சனம் கைதட்டிச்சுது பிள்ளை. அதுவரைக்கும் ஒருத்தரும் தட்டேல்லை.”

காவியம் முழுவதிலும் இப்படி ஒரு நேரான வரி கிடையாது. நான் ஏதாவது சுடச்சுடச் சொல்லியிருக்கவேண்டும். அரை வருடமாக யோசித்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக இவர் கீழே வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

இதற்குள் பெஹ்ரூஸ் என் பெயரைச் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். “மங்கியார்…” என்றார்.

இவருடைய முகம் பல்வலி வந்ததுபோலச் சுருங்கியது. “இல்லை. மங்கையற்கரசி.”

“மங்கார்கசி.”

“மங்கை. யற். கரசி.”

பெஹ்ரூஸ் மறுபடி முயன்றார். இவர் மறுபடி திருத்தினார். தலைவி சொசேஜ் ஆறுகிறது என்று மேலிருந்து கூப்பிட்டார். இருவரும் அசையவில்லை. பெஹ்ரூஸுக்கு அது எந்தக் காலத்திலும் சரியாக வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன்.